தெற்குக் காற்றும் மாமாவின் கோட்டும்

1

இன்னைக்குக் காலையில ரேடியோவுல எங்க வட்டாரத்துக்கான வானிலை முன்னறிவிப்பு வாசிச்சாங்க. தெற்குக் காற்று வருதாம். மதியத்துக்கு மேல குளிர் சட்டுனு இறங்குமாம். நானூறு மீட்டர் உயரத்துக்கு மேல பனி விழுமாம், மலை ரோட்டுல போறவங்க பார்த்துப் போகணுமாம். இது டிசம்பர் முதல் வாரம். ஊர்ல நீங்க கம்பளியை வெளிய எடுத்து உதறிட்டு இருப்பீங்க. இங்க நியூசிலாந்துல கோடை இப்பதான் தலையைக் காட்டியிருக்கு. தோட்டமெல்லாம் செர்ரிப் பழம் சிவந்து நிக்குது. இந்த நேரத்துல பனின்னு சொன்னா இங்கயே பிறந்தவன்கூட மூஞ்சியைச் சுளிக்கிறான்.

போன வருஷமும் இதே வாரத்துல இதே அறிக்கையைக் கேட்டேன். கிட்டத்தட்ட இதே வார்த்தைங்க. அந்த நாளை நினைச்சாலே எனக்குக் காது மடல் சூடாகுது. நான் எழுதி அனுப்பற இந்தக் குறிப்புகளை ஊர்ல நீங்க படிக்கிறீங்க, எங்க அக்கா கௌரியும் படிப்பா. படிக்கட்டும்.

நம்ம கோலார் தங்க வயல்ல வானிலை அறிக்கை கேக்கற லட்சணம் உங்களுக்குத் தெரியும். தமிழ்ச் சேனல்ல வேலூர், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வரைக்கும் வந்து நின்னுடுவான். கன்னடச் சேனல்ல பெங்களூரு, கோலார்னு சொல்லி மைசூர் பக்கம் தாவிடுவான். நடுவுல நாம ஒரு ஊரு கிடக்கோம்னு ரெண்டு பேருக்கும் ஞாபகம் வராது. எங்க நைனா ரெண்டையும் பார்த்துட்டு, "வேலூருல பாதி, பெங்களூருல பாதி, அதான் நமக்கு" அப்படின்னு தீர்ப்பு சொல்லுவார். முக்கால்வாசி நாள் அது சரியாவும் இருக்கும்.

அதுவும் இல்லாம, நமக்கு மேல பார்த்துப் பழக்கம் கிடையாது. வானத்துல இடி இடிச்சா தரையைப் பார்க்கிற சனம் நாம. கீழ மைன்ல பாறை வெடிச்சுதா, எந்த மைன், எந்த ஷிப்ட்டுன்னு கேட்டுட்டுத்தான் கொடியில காயிற துணியை எடுக்க ஓடுவோம். மைன் எத்தனை ஆழம்னு சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஊரு எத்தனை உயரத்துல இருக்குன்னு கேட்டா பெரியவங்களே முழிப்பாங்க. நானும் அப்படி வளர்ந்தவன்தான். போன வருஷம் நானூறு மீட்டருக்கு மேல பனின்னு ரேடியோவுல சொன்னப்போ, நான் இருக்கிற இந்த நியூசிலாந்து ஊரு அதுக்குக் கீழதான இருக்கு, நமக்கென்னன்னு விட்டுட்டேன். வெளியூர்ல படிக்கிற என் மகள் வர்ற ரோடு மலை மேல ஏறி இறங்குதுங்கறது, அவளே சொல்லியும் என் புத்தியில ஏறவே இல்ல.

2

அக்காவைப் பத்திச் சொல்லிடறேன். கௌரி அக்கா என்னைவிடப் பத்து வயசு மூத்தவ. தங்க வயல்ல ஸ்கெலட்டன்னு சொல்ற பகுதியில, நாங்க பிறந்த அதே தொழிலாளர் லைன் வீட்டுல இருக்கா. மாமா சாம்பியன் ரீப்ஸ் மைன்ல அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தவர். மைன் மூடினப்புறம் கொஞ்ச வருஷம் இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். மகனும் மருமகளும் விடியறதுக்கு முன்னாடி ரயிலேறிப் பெங்களூரு போனா இருட்டினப்புறம்தான் வருவாங்க. பகல் பூரா அக்கா தனியா இருக்காளேன்னு, ரெண்டு மாசம் என்கூட வந்து இருன்னு கூப்பிட்டேன். இது உண்மையான பாசம்தான். இதுல பொய் இல்ல.

பொய் கோட்டுல ஆரம்பிச்சுது. மாமாவோட கருநீலக் கம்பளிக் கோட்டு ஒண்ணு உண்டு. ராபர்ட்சன்பேட்டையில பழைய துணி விக்கிற கடையில வாங்கினது. கீழ கொதிக்கிற சூட்டுல வேலை செஞ்சிட்டு, கேஜ்னு சொல்ற மைன் லிப்ட்டுல ஏறி மேல வந்ததும் குளிர்காத்து நெஞ்சுல அடிக்குமே, அதுக்காக ஷிப்ட்டுக்குக் கொண்டுபோற கோட்டு. மாமா போனப்புறம் அதை அக்கா போட ஆரம்பிச்சா. புடவை மேல கோட்டு, தலையில மங்கி கேப். நம்ம ஊர்ல மார்கழி மாசம் பாதிப் பேர் அப்படித்தான் பால் வாங்கப் போறாங்க, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. இங்க நான் வேலை செய்யற பழக் கிடங்குல இருக்கிறவங்க முன்னாடி, அந்தக் கோலத்துல அக்கா என்கூட நடந்து வர்றதை நினைச்சாலே எனக்குக் கூசுச்சு.

"அக்கா, இங்க டிசம்பர்னா வெயில் காலம். அந்தக் கோட்டெல்லாம் தூக்கிட்டு வராத" அப்படின்னு வீடியோ கால்ல சொன்னேன்.

"வெயில்னா எப்படி? நம்ம சித்திரை மாதிரியா?"

"ஆமா, அதே மாதிரிதான்."

"அப்ப நீ ஏண்டா ஸ்வெட்டர் போட்னு உக்காந்துகீற?"

என்ன பதில் சொன்னேன்னு ஞாபகம் இல்ல. ஏதோ ஏசின்னு சொன்னேன்னு நினைக்கிறேன்.

அக்கா கோட்டைப் பெட்டியில வைக்கல. போட்டுக்கிட்டே வந்து இறங்கினா. உடம்புல போட்டுக்கிட்டா எடை கணக்கு வராதுன்னு டிக்கெட் ஏஜென்ட் சொன்னானாம். ஏர்போர்ட்டுல இந்த நாட்டுக்குள்ள மண்ணு, விதை, பழம் எதுவும் வரக்கூடாதுன்னு ஒரு சோதனை உண்டு. ஆபீசர் பொண்ணு அக்கா செருப்பைத் திருப்பிப் பார்த்துட்டு, இது என்ன மண்ணுன்னு கேட்டிருக்கா. அக்காவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் வரும். "நாட் மண்ணு மேடம். சயனைடு" அப்படின்னிருக்கா.

பின்ன? நம்ம டம்ப்பு ஓரமா நடந்த செருப்புல வேற என்ன ஒட்டும்? தங்கத்தைப் பிரிச்சு எடுத்துட்டுக் கொட்டின அந்தச் சாம்பல் மேட்டை நாம பிறந்ததுலேருந்து சயனைடுன்னுதான சொல்றோம். அதையே இங்க சொன்னா என்ன ஆகும்? ஒரு ஆபீசர் நாலு பேரானாங்க. வெளிய காத்திருந்த என்னை மைக்குல பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. நான் போய் விளக்கம் சொல்லி, போன்ல டம்ப்பு படம் தேடிக் காட்டி, கடைசியில செருப்பைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் பையில போட்டுக் குடுத்தாங்க. அந்தப் பொண்ணு சிரிச்சிட்டா. அக்காவும் சிரிச்சா. நான் ஒருத்தன்தான் சிரிக்கல. கோட்டும் குல்லாவுமா நின்ன அக்காவைச் சுத்தி இருக்கிறவங்க எல்லாம் பார்க்கிறாங்களேன்னு அவசர அவசரமா வண்டிக்குக் கூட்டிட்டுப் போனேன்.

3

அடுத்த பொய் தீபாவைப் பத்தினது. என் ஒரே மகள். டனீடன் நகரத்துல படிக்கிறா. எங்க ஊர்லேருந்து மலை ரோடு வழியா கார்ல சில மணி நேரம். போன புதுசுல வாரா வாரம் வந்தா. அப்புறம் மாசம் ஒரு தடவை. அப்புறம் பரீட்சை, பார்ட் டைம் வேலை, சிநேகிதிங்க. கடைசியா எப்ப வந்தான்னு எங்களுக்கே யோசிக்க வேண்டியிருந்தது. போன் பண்ணா, "அப்பா, நான் அப்புறம் கூப்பிடட்டா?" அப்படிம்பா. தமிழ்ல சொல்றாளேன்னு அதுக்கே சந்தோஷப்படற நிலைமை.

ஆனா அக்காகிட்ட நான் வருஷக் கணக்கா சொன்னது வேற. "தீபாவா, வாரா வாரம் வந்துடுவா. வீட்டுச் சாப்பாடு இல்லாம அவளால முடியாது." இப்படி அளந்து விட்டிருந்தேன். அக்கா வந்து முதல் சனிக்கிழமை போச்சு, ரெண்டாவது போச்சு. மூணாவது வாரம் அக்கா கேட்டா.

"இன்னாடா, உம் பொண்ணு வாரா வாரம் வருவான்னியே, இந்த ஊர்ல வாரத்துக்கு எத்தினி நாளு?"

என் மனைவி ஆஸ்பத்திரி டூட்டிக்குக் கிளம்பிட்டு இருந்தா. அவ திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அப்படியே தரைக்குள்ள போயிடலாம்போல இருந்தது.

உடனே தீபாவுக்குப் போன் போட்டேன். கெஞ்சினேன்னே சொல்லலாம். இந்தச் சனிக்கிழமை வர்றேன்னு ஒத்துக்கிட்டா. சனிக்கிழமை காலையில அவளே கூப்பிட்டா.

"அப்பா, சதர்லி விண்ட் வருதாம். ஹில் ரோட்டுல ஸ்னோ இருக்கும்னு வெதர் அவுட்லுக்ல சொல்றாங்க. நான் நாளைக்கு வரட்டுமா?"

அந்த நேரத்துல அக்கா சமையக்கட்டுல பிரியாணிக்கு வெங்காயம் அரிஞ்சிட்டு, இந்த ஊரு ஆட்டுக்கறியில வாசனையே இல்லன்னு திட்டிட்டு இருந்தா. தீபா வரலன்னா அவ ஒண்ணும் சொல்ல மாட்டா. "உம்" அப்படின்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை என்னால தாங்க முடியாது.

"அதெல்லாம் மலை உச்சிக்குச் சொல்றதும்மா. நம்ம ஊருக்குச் சும்மா மழைதான். நான் தினம் கிடங்குல கேக்கறேன், எனக்குத் தெரியாதா? அத்தை பிரியாணி பண்றாங்க. கிளம்பு" அப்படின்னேன்.

அவ கார் சாவி குலுங்கற சத்தம் கேட்டுது. அப்புறம், "சரிப்பா" அப்படின்னா.

4

இப்ப சங்கு கதை.

எங்க ஊரு சின்ன ஊரு. இங்க தீயணைப்பு நிலையத்துல சம்பளத்துக்கு ஆள் கிடையாது. கடைக்காரர், தோட்டக்காரர், மெக்கானிக் இவங்கதான் வாலன்டியருங்க. நெருப்போ, ரோட்டுல விபத்தோ, எது நடந்தாலும் நிலையத்து மேல இருக்கிற சங்கு ஊதும். நம்ம மைன் சங்கு மாதிரியே கீழேருந்து ஏறி, மேல போய் அலறி இறங்கும். கேட்டதும் அந்த வாலன்டியருங்க கைவேலையைப் போட்டுட்டு ஓடுவாங்க. மத்தவங்க காதுல அது விழறதே இல்ல. வந்த புதுசுல நான் எழுந்து வாசலுக்கு வந்து பார்ப்பேன். இப்ப காபியை ஆத்திக்கிட்டே கேப்பேன்.

நம்ம ஊர்ல ஷிப்ட்டு நேரத்துல ஊதற சங்கு வேற, நேரங்கெட்ட நேரத்துல, கீழ விபத்துன்னு ஊதற சங்கு வேற. எனக்கு ஞாபகம் இருக்கிற ஒரு நாள், அதுவும் இப்படிக் கோடை ஆரம்பத்துல திடீர்னு குளிர் அடிச்ச நாள்தான். சித்திரை பொறந்து வெயில் கொளுத்திட்டு இருந்தது. ரெண்டு நாளா எங்கயோ கடல்ல புயல்னு வானம் மூடி, ஆலங்கட்டி விழுந்து, ஊரே நடுங்குது. வீட்டுல பாத்திரமெல்லாம் ஒரு தரம் கடகடன்னுச்சு. ஆலங்கட்டி மழைங்கறதால அன்னைக்கு மட்டும் இடின்னு நினைச்சோம். அப்புறம் சங்கு ஊதுச்சு. அம்மா உலையில அரிசி போட இருந்தவ அப்படியே முறத்தைக் கீழ வெச்சா. என்னைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா, அக்கா கையைப் பிடிச்சா, ஓடினா. லைன் பூரா ஓடுது. கோயிலுக்குப் போறவங்க, சர்ச்சுக்குப் போறவங்க, சண்டை போட்டுப் பேசாம இருக்கிறவங்க எல்லாரும் மைனுக்குள்ள இறங்கற ஷாப்ட் வாசல்ல போய் நின்னாங்க. ஈரத்துல, குளிர்ல, தலையில கோணிப்பையைப் போட்டுக்கிட்டு.

நைனா அந்த ஷிப்ட்டு இல்ல. ராபர்ட்சன்பேட்டைக்குப் போனவர் நேரா அங்க வந்தார். நைனாவைப் பார்த்ததும் நான் வீட்டுக்குப் போலாம், பசிக்குதுன்னு அழுதேனாம். யாரும் நகரல. நைனாவும் எங்க பக்கத்துலயே நின்னுட்டார். பேர் வர்ற வரைக்கும் நிக்கணும், அவ்வளவுதான். பேர் வந்தது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருந்த மேரி அக்காவோட புருஷன். அந்த வீட்டு ஆளுங்க அழுதப்போ பிடிச்சுக்கக் கை இருந்தது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். என் ரத்தத்துல ஊறினதுன்னு மேடை கிடைச்சா பேசவும் பேசுவேன்.

அன்னைக்கு மதியம் தெற்குக் காற்று சொன்ன நேரத்துக்கு வந்தது. வெயில் போய் வானம் ஈயம் பூசின மாதிரி ஆச்சு. மழை கூடவே பனித் துணுக்கு. நான் பின்பக்கம் தக்காளிச் செடிக்கெல்லாம் கோணி போர்த்திட்டு இருந்தேன். சங்கு ஊதினது காதுல விழுந்தது. விழுந்ததோட சரி. அடுத்த செடிக்குப் போயிட்டேன்.

கொஞ்ச நேரம் கழிச்சுப் போன் அடிச்சுது. லிண்டான்னு, தீயணைப்பு நிலையத்துக்கு எதிர்ல பேக்கரி வெச்சிருக்கிற அம்மா. அவங்க புருஷன் கிரெக் என்கூடக் கிடங்குல வேலை செய்யறவர், வாலன்டியரும்கூட.

"நிலையத்து வாசல்ல ஒரு அம்மா நின்னுட்டு இருக்காங்க. தலையில கம்பளித் தொப்பி, பெரிய கோட்டு. மழையில நனையறாங்க. உள்ள வாங்கன்னா வர மாட்டேங்கறாங்க. உங்களோடவங்களா?"

இல்லைன்னு சொல்ல வாயெடுத்தேன்.

ஆமா. என்னைப் பத்து வயசு வரைக்கும் குளிப்பாட்டி விட்டவ, தன் பங்கு முட்டையை எனக்கு வெச்சவ. எங்களோடவங்க இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லல. "யாரு?"ன்னு மட்டும் ஒண்ணும் தெரியாதவன் மாதிரி கேட்டேன். அதுக்கும் இல்லைன்னு சொல்றதுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.

5

போனேன். வாசல் ஓரமா, வண்டி போற வழிக்கு இடைஞ்சல் இல்லாம நின்னுட்டு இருந்தா. செருப்புக்குள்ள சாக்ஸ் ஈரம். கோட்டுத் தோள்ல பனி வெள்ளையா ஒட்டியிருந்தது.

"அக்கா, இன்னா பண்ற இங்க? வா வூட்டுக்கு. எல்லாரும் பாக்கறாங்க."

"யாருடா பாக்கறாங்க? நானும் அப்பலேருந்து பாக்கறேன், ஒரு சனம் காணோம்" அப்படின்னா. அவ முகத்துல கோபம்கூட இல்ல. நிஜமாவே குழம்பிப் போயிருந்தா. "வண்டி போயி எம்மா நேரம் ஆச்சு. சங்கு ஊதிகீது. இந்த ஊர்ல பொம்பளைங்களே இல்லியா?"

"இங்க யாரும் வர மாட்டாங்கக்கா. அவங்க போயிப் பாத்துப்பாங்க. நமக்கு இன்னா?"

அக்கா என்னைப் பார்த்தா. மெதுவாக் கேட்டா.

"தீபா கெளம்பிட்டாளா?"

அப்பதான். சத்தியமா அப்பதான் எனக்கு உறைச்சுது. சங்கு ஊதி, வண்டி போயி, லிண்டா போன் பண்ணி, நான் கார் எடுத்து வந்து நின்னு, இவ்வளவு நேரத்துல என் மனசுல ஓடினதெல்லாம் கோட்டு, குல்லா, கிரெக் என்ன நினைப்பார். என் பொண்ணு அந்த ரோட்டுல வந்துட்டு இருக்கா, வரச் சொன்னவன் நான்ங்கறது ஒரு தடவைகூடத் தோணல. அக்காவுக்கு அடுப்படியிலயே தோணியிருக்கு. அடுப்பைச் சின்னதாக்கிட்டு, கோட்டை மாட்டிட்டு, சங்குச் சத்தம் வந்த பக்கம் பார்த்து வந்திருக்கா.

தீபாவுக்குப் போன் போட்டேன். போகல. மலையில டவர் கிடையாது. திரும்பத் திரும்பப் போட்டேன். லிண்டா குடையோட வந்தாங்க. மலை ரோட்டு மேட்டுல பனியில சறுக்கி ஒரு சின்னக் கார் பள்ளத்துல இறங்கிடுச்சாம். வெள்ளைக் கார். யாருன்னு தெரியாது.

தீபாவோடதும் வெள்ளைக் கார்தான். இந்த நாட்டுல பாதிக் கார் வெள்ளைதான், அதை எனக்கே சொல்லிக்கிட்டேன். போன் கையிலேருந்து நழுவுது. பிரியாணிக்காகவா? அக்காவோட ஒரு "உம்"முக்காகவா பிள்ளையை அந்த ரோட்டுல ஏத்திவிட்டேன்? கடவுளே, கடவுளேன்னு வாய் விட்டே சொன்னேன். அக்கா என் முழங்கையைக் கோட்டுக் கையோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டா.

எவ்வளவு நேரம்னு தெரியல. போன் அடிச்சுது. தீபா.

"என்னப்பா இத்தனை மிஸ்டு கால்? நான் மலைக்குக் கீழயே இருக்கேன். போலீஸ் ரோட்டை மூடிட்டாங்க. ஒரு கஃபேல உக்காந்திருக்கேன்." அப்புறம் கொஞ்சம் கடுப்பா, "நான் காலையிலயே சொன்னேன்லப்பா, அவுட்லுக்ல போட்டிருந்தான்னு."

நான் அங்கயே குந்தி உக்காந்து அழுதுட்டேன். லிண்டா முதுகைத் தடவிக் குடுத்தாங்க. அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சிட்டு எழுந்தேன்.

"வாக்கா போலாம். நம்ம பொண்ணு நல்லா கீறா."

"அப்ப அந்தக் காருல யாரு?"

"தெரியாது. யாரோ."

"செரி, நீ போ. அடுப்புல தம்முல வெச்சிகீறேன், அடி புடிச்சிரும். போயிப் பாரு. நான் வரேன்."

இந்த இடத்தை எழுதாம விட்டுடலாம்னு ரெண்டு தடவை பேனாவைக் கீழ வெச்சேன். நான் போனேன். குளிர் தாங்கல, நனைஞ்சிருந்தேன், பொண்ணு பத்திரமா இருக்கா, அடுப்பு வேற. காரணத்துக்கா பஞ்சம்? வீட்டுக்குப் போயி அடுப்பை அணைச்சேன். மூடியைத் திறந்தா வாசனை. பயம் தெளிஞ்சதும் வயிறு அப்படிப் பசிச்சுது. நின்ன வாக்குல ஒரு தட்டு போட்டுச் சாப்பிட்டேன். எங்க அக்கா பனியில யாரோ ஒருத்தரோட பேர் தெரியறதுக்காக நிக்கிறா, நான் எலும்பைக் கடிச்சு உறிஞ்சிட்டு இருக்கேன்.

சாப்பிட்டப்புறம் வெக்கம் வந்து, ஃபிளாஸ்க்குல டீ ஊத்திக்கிட்டுப் போனேன். அக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டு லிண்டா பக்கத்துல நின்னுட்டு இருந்தாங்க. இன்னொரு வயசான அம்மா நாயோட வந்து நின்னிருந்தாங்க. யார், எதுக்குன்னு எனக்குத் தெரியாது. நான் போய்ச் சேரும்போது வண்டி திரும்பி வந்துட்டு இருந்தது.

கிரெக் இறங்கினார். அக்கா என்னைத் தள்ளினா. "பேரு இன்னான்னு கேளு."

கேட்டேன். பேரெல்லாம் சொல்லக் கூடாது, அது தனிநபர் விவரம், சட்டம்னார் கிரெக். நான் அதை அக்காவுக்குச் சொன்னேன்.

"பேரு சொல்லாத எப்படிடா வூட்டுக்குப் போறது?"

இதை நான் கிரெக்குக்கு எப்படிச் சொல்றது? எங்க ஊர்ல இப்படி ஒரு வழக்கம், பேர் வர்ற வரைக்கும் நிப்பாங்கன்னு தட்டுத்தடுமாறிச் சொன்னேன். கிரெக் ஹெல்மெட்டைக் கழட்டிட்டு அக்காவைப் பார்த்தார். அப்புறம் குனிஞ்சு அவகிட்டயே சொன்னார், ஒரு சின்னப் பொண்ணு, கால் முறிஞ்சிருக்கு, ஹெலிகாப்டர்ல கொண்டு போறாங்க, பிழைச்சுக்கும்னு. அக்காவுக்குப் புரிஞ்சுது. நான் மொழிபெயர்க்கவே இல்ல. தலையாட்டிட்டு, "வாடா போலாம்" அப்படின்னா.

6

மறுநாள் ரோடு திறந்து தீபா வந்தா. லிண்டா பேக்கரியில ரொட்டி வாங்க நின்னப்போ கதை பாதி அவ காதுக்கு வந்திருக்கு. வந்ததும் அத்தையைக் கட்டிக்கிட்டு, "அத்தை, எனக்காகவா ஸ்னோல நின்னீங்க?" அப்படின்னா.

"நான் மட்டுமா? உங்கப்பனுந்தான். கடைசி வரிக்கும் அசையலியே. போடான்னாலும் போவல" அப்படின்னா அக்கா, பிரியாணியைச் சூடு பண்ணிக்கிட்டே, என் பக்கம் திரும்பாம.

தீபா என்னைப் பார்த்தா. என் மகள் என்னை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? கிட்ட வந்து தோள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டா. "சாரிப்பா, போன்ல கோபமாப் பேசிட்டேன்" அப்படின்னா.

வாயைத் திறந்து இல்லைன்னு சொல்லியிருக்கணும். நான் அவ தலையைத் தடவிக் குடுத்தேன்.

அக்கா ஊருக்குப் போகும்போது கோட்டை என் அலமாரியில மாட்டிட்டுப் போயிட்டா. "உனக்குத்தான் இங்க வேணும். ஏசி வேற ரொம்ப அடிக்குதே" அப்படின்னா. தீபா இப்ப மாசம் ரெண்டு தடவை வர்றா. வர்ற சிநேகிதிங்ககிட்டயெல்லாம் அந்தக் கதையைச் சொல்றா. எங்க அப்பா ஊர்ல இப்படி ஒரு வழக்கம், சைரன் கேட்டா யாரா இருந்தாலும் போய் நிப்பாங்க, எங்கப்பா நின்னார்னு. நான் டீ போடற சாக்குல எழுந்து போயிடுவேன். போன வருஷம் செஞ்சதைவிட, இந்த ஒரு வருஷமா அந்தப் பேரை வாங்கி வெச்சுக்கிட்டு இருக்கிறதுதான் எனக்கு அவமானமா இருக்கு. இதை இங்கிலீஷ்ல மாத்தி தீபாவுக்கும் அனுப்பப் போறேன். தமிழ்ல எழுதினா அவளால படிக்க முடியாது, அதுவும் என் குறைதான்.

7

இதுவரைக்கும் எழுதிட்டு இருக்கும்போதே மதியம் ஆச்சு. காற்று மாறிடுச்சு. சங்கு ஊதுச்சு.

தீபா வீட்டுலதான் இருக்கா, உள்ள தூங்கறா. மனைவி ஆஸ்பத்திரியில. எங்களோடவங்க யாரும் ரோட்டுல இல்ல. பேனாவைக் கீழ வெச்சேன். அப்புறம் அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்தேன். இன்னும் மாமாவோட பீடி வாசனை லேசா இருக்கு. மாட்டிக்கிட்டு நடந்தேன். கடைத்தெருவுல ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தாங்க. கூசத்தான் செஞ்சுது. இல்லைன்னு சொன்னா அதுவும் பொய்.

வாசல் ஓரமா அக்கா நின்ன இடத்துல நின்னேன். லிண்டா கடைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாங்க.

"என்ன ஆச்சு? உங்களோடவங்க யாராவது இருக்காங்களா?"

"இன்னும் தெரியல" அப்படின்னேன்.